இரும்புக்கு ஆண் பெண் உண்டா?

(பெற்றோர்கள் கூட்டமொன்றில் பேசியது)



சிறு குழந்தைகள் பார்க்கும் டெலிவிஷன் படங்களில் ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று பிரித்துக் காட்டப்படுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தலைவர் அவர்கள் நம்மை அறிஞர் என்று சொன்னார்கள். அது அவரது அன்புக்கு அடையாளமே தவிர உண்மையல்ல. நாம் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். கிடைத்ததைப் படித்தும், நாலு பேரைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

"நாட்டில் எவ்வளவோ காரியம் இருக்க, பொம்மைப் படத்துக்காக ஒரு கூட்டமா?" என்று வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாமும் போன வருஷம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். இருபது வருஷமாக மேடையேறிப் பெண்ணுரிமை பேசுகிறோம். ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பெட்டி என்ன பேசுகிறது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டதில்லை.

நமக்கு ஒன்பது வயதில் ஒரு பையனும் ஆறு வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். ஒரு நாள் மாலை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பையன் முன் நாற்காலியில் உட்கார்ந்து கூவென்று கத்துகிறான். பெண் பின்னால், பக்கத்து வீட்டுச் சிறுமி அதற்கும் பின்னால். வெகுநேரமாகியும் ஆள் மாறவில்லை. "ஏம்மா, நீ இஞ்சினாக இருக்கக் கூடாதா?" என்று கேட்டோம். "பொண்ணுன்னா பெட்டிதாம்பா, பையன்தான் இஞ்சின்" என்று, இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்வதுபோல் சொல்லிற்று. யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லையாம்.

அதைக் கேட்டுத் திகைத்துப் போன நாம் அடுத்தபடி என்ன செய்தோம் தெரியுமா? "தாகமாயிருக்கிறது, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவா" என்றோம். யாரிடம்? அந்தப் பெண்ணிடந்தான். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நமது துணைவியார் உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. ஆகவே பெட்டியின்மேல் குற்றஞ்சாட்டப் புகுமுன், முதல் குற்றவாளி நாமே என்று இந்தச் சபையில் ஒப்புக்கொண்டு மேலே பேசுகிறோம்.

அதற்குப் பிறகு குழந்தைகளோடு உட்கார்ந்து படங்களைப் பார்க்க ஆரம்பித்தோம். பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் நமக்கு முன்னாலேயே இருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் ஜீனா டேவிஸ் என்ற சினிமா நடிகை, தம் சிறு மகளோடு குழந்தைப் படங்களைப் பார்த்தபோது, பெண் பாத்திரங்கள் எங்கே என்று கேட்டு, 2004-ல் இதை ஆராய்வதற்கென்றே ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார். அவர்கள் 1990 முதல் 2005 வரை வந்த 101 குடும்பப் படங்களை எடுத்து எண்ணினார்கள். ஆண் மூன்று என்றால் பெண் ஒன்று. உலகத்தில் பாதிப்பேர் பெண்கள். குழந்தைக்குக் காட்டும் உலகத்தில் மாத்திரம் கால்வாசி. மற்றவர்கள் எங்கே போனார்கள்?

முதலில் ரயில் சங்கதியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் தாமஸ் என்ற இஞ்சினைப் பற்றிய படம் ஒன்று 1984-ல் டெலிவிஷனில் வர ஆரம்பித்தது. ஆட்ரி என்ற பாதிரியார் தட்டம்மை கண்டு படுத்திருந்த தம் மகனுக்குச் சொன்ன கதைகளிலிருந்து உண்டானது அது. தகப்பன் பிள்ளைக்குக் கதை சொன்னது நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கதையில் தாமஸ், எட்வர்டு, ஹென்றி, கார்டன், ஜேம்ஸ், பெர்சி என்று பெரிய பெரிய இஞ்சின்களெல்லாம் ஆண்கள். தாமஸ் இழுத்துக்கொண்டு போகும் இரண்டு பெட்டிகள் இருக்கின்றனவே, ஆனி, கிளாராபெல் என்று, அவை மாத்திரம் பெண்கள்! இழுப்பவன் ஆண், இழுபடுபவள் பெண். ஏன் ஐயா, இரும்புக்கு ஏது ஆண், ஏது பெண்? கொதிகலனுக்கு மீசை முளைக்குமா? பெட்டி பிள்ளை பெறுமா? மனிதனிலாவது உடம்பில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று சாக்குச் சொல்லலாம். கரியும் தண்ணீரும் தின்கிற இரும்பிலும் கொண்டுபோய் இந்தப் பேதத்தை ஒட்டவைத்தார்கள் என்றால், ஒட்டவைக்கிறவன் மூளையில்தான் அது இருக்கிறதே ஒழிய இரும்பில் இல்லை என்பது விளங்கவில்லையா?

பிற்காலத்தில் எமிலி முதலிய ஒன்றிரண்டு பெண் இஞ்சின்களைச் சேர்த்தார்கள். போதாது என்று 2013-ல் பிரிட்டிஷ் தொழிற்கட்சியைச் சேர்ந்த பார்லிமெண்ட் மெம்பரான ஓர் அம்மையார் வெளிப்படையாகக் கண்டித்தார். பத்திரிகைகளில் கேலியும் கிளம்பிற்று. ஆனால் 2018-ல் அதே கம்பெனியார் ஐக்கிய நாடுகள் சபையாரைக் கலந்துகொண்டு, நியா, ரெபெக்கா என்ற இரண்டு பெண் இஞ்சின்களை முக்கியக் கூட்டத்தில் சேர்த்து, எட்வர்டையும் ஹென்றியையும் கொஞ்சம் ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். அதனால் கதையில் வரும் அந்தத் தீவு கடலில் மூழ்கிவிடவில்லை. ஒரு வண்டியும் தடம்புரளவில்லை. படத்தை விடுங்கள், இந்தத் தேசத்தில் நிஜ ரயிலை 1980-களின் கடைசியிலிருந்து ஓட்டி வந்தவர் மஹாராஷ்டிரத்து சுரேகா யாதவ் அம்மையார். 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து பம்பாய்க்கு வந்தே பாரத் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்ததும் அவரே. நிஜத்தில் பெண் இஞ்சினையே ஓட்டுகிறாள்; பொம்மையில் அவள் பெட்டியாகக் கிடக்கிறாள். பொம்மை நிஜத்துக்கு எத்தனை வருஷம் பின்னால் இருக்கிறது பாருங்கள்.

நிற்க. இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெண் அடங்கியிருக்க வேண்டியவள் என்று சொல்லுகிறவர்களை ஏன் என்று கேட்டால், பகவான் அப்படிப் படைத்தார் என்பார்கள். கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவரானால் இயற்கை என்பார்கள். பகவானை நாம் கண்டுபிடித்து விசாரிக்க முடியாது. இயற்கைக்குச் சம்மன் அனுப்ப முடியாது. ஆனால் பொம்மைப் படத்தில் பிரம்மா யார்? ஒரு கம்பெனி. அதற்கு விலாசம் இருக்கிறது. மேஜை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. மேஜைக்கு முன் உட்கார்ந்த ஒருவர், இந்த நாய் ஆணாக இருக்கட்டும், இந்த நாய்க்கு ரோஸ் கலர் சட்டை போடு என்று தீர்மானிக்கிறார். இங்கே ஒன்றுகூடத் தானாக வந்ததல்ல. ஒவ்வொரு கோடும் ஒருவர் போட்டது. போட்டவரை ஏன் போட்டாய் என்று கேட்கலாம். மாற்றிப் போடு என்றும் சொல்லலாம்.

பெல்ஜியம் தேசத்தில் பேயோ என்ற சித்திரக்காரர் 1958-ல் ஸ்மர்ஃப் என்று நீல நிறக் குள்ளர்களைப் படைத்தார். 1981-ல் அமெரிக்க டெலிவிஷனில் வந்து உலகமெங்கும் பரவிற்று. அதில் ஒவ்வொரு குள்ளனுக்கும் அவனவன் குணத்தால் பெயர்: ஒருவன் புத்திசாலி, ஒருவன் சோம்பேறி, ஒருவன் கைவேலைக்காரன். இத்தனை பேருக்கு நடுவே முதலில் வந்தவள் ஒரே ஒரு பெண். அவளுக்கு என்ன பெயர்? ஸ்மர்ஃபெட், அதாவது பெண் ஸ்மர்ஃப். அவ்வளவுதான்; வேறு குணம் கிடையாது, பெண் என்பதே குணம்! அவள் வந்த வரலாறு அதைவிட வேடிக்கை. குள்ளர்களுக்குள் பொறாமை மூட்டி அவர்களைக் கெடுப்பதற்காக ஒரு மந்திரவாதி அவளை உண்டாக்கி அனுப்பினானாம். முதலில் கறுப்பு மயிருடன் அழகில்லாதவளாய் இருந்தாளாம். பிறகு பொன் மயிர் வந்ததும் எல்லோரும் மயங்கினார்களாம். இதைப் படித்ததும் நமக்குத் திலோத்தமை ஞாபகம் வந்தது. சுந்தன், உபசுந்தன் என்ற இரண்டு சகோதரர்களை அடித்துக்கொண்டு சாகும்படி செய்வதற்காக, பிரம்மா கட்டளையிட, விசுவகர்மா செய்து அனுப்பிய பெண் அல்லவா திலோத்தமை? பாரதம் எழுதினவரும் பெல்ஜியம் சித்திரக்காரரும் ஒருவரையொருவர் கண்டவர்களல்ல. இருந்தாலும் கதை ஒன்றாயிருக்கிறது. 1991-ல் கேத்தா பாலிட் என்ற அமெரிக்க அம்மையார், இப்படிக் கூட்டத்துக்கு ஒரு பெண்ணை ஒப்புக்கு வைக்கும் பழக்கத்துக்கு ஸ்மர்ஃபெட் தத்துவம் என்றே பெயர் வைத்துவிட்டார்.

நம் தேசத்துச் சரக்கு இதற்குச் சளைத்ததா? ஹைதராபாத்தில் உண்டாகி 2008 முதல் வரும் சோட்டா பீமைத் தெரியாத குழந்தை இருக்காது. பலசாலிப் பையன் பீம். அவன் கூட்டாளிகளில் ராஜு ஒருவன், குரங்கு ஜக்கு ஒன்று, எதிரிப் பையன்கள் மூவர். விளையாடும் கூட்டத்தில் பெண் ஒருத்தி, சுட்கி. பீமுக்கு லட்டு தின்றால் பலம் வரும். அந்த லட்டு யார் கையிலிருந்து வருகிறது என்று உங்கள் குழந்தைகளையே கேட்டுப் பாருங்கள். சுட்கி தைரியசாலி, சமயத்தில் யோசனையும் சொல்லுகிறாள். அதை மறைப்பது யோக்கியமல்ல. ஆனாலும் லட்டின் பலம் அவளுக்கு ஏன் வருவதில்லை? அவளுந்தானே தின்கிறாள்?

இதில் 2020 ஜூனில் நடந்த கூத்தைக் கேளுங்கள். பீம் இளவரசி இந்துமதியைக் கலியாணம் செய்துகொண்டுவிட்டான் என்று ஒரு வதந்தி கிளம்பி, இத்தனை நாள் லட்டு கொடுத்த சுட்கிக்குத் துரோகமா, அவளுக்கு நியாயம் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பேர் இணையத்தில் ஒப்பாரி வைத்தார்கள். கடைசியில் கம்பெனியாரே முன்வந்து, இவர்கள் இன்னும் குழந்தைகள், கலியாணம் ஒன்றும் நடக்கவில்லை என்று அறிக்கைவிட வேண்டியதாயிற்று. குழந்தைக் கலியாணத் தடைச் சட்டம் வந்தது 1929-ல். தொண்ணூறு வருஷம் கழித்தும் ஒரு சித்திரப் பெண்ணைப் பார்த்து நம் ஜனங்களுக்குத் தோன்றிய ஒரே கேள்வி, இவளை எவனுக்குக் கட்டிவைப்பது என்பதே! பாதி வேடிக்கைக்குத்தான் செய்தார்கள் என்பது நமக்கும் தெரியும். வேடிக்கை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான் சொல்லுகிறோம்.

இதற்கு வியாபாரிகள் சொல்லும் சமாதானம் என்னவென்றால், பெண் குழந்தை ஆண் கதையைப் பார்க்கும், ஆண் குழந்தை பெண் கதையைப் பார்க்காது, ஆகவே பையனை முன்னால் வைத்தால் இரண்டு கூட்டமும் வரும் என்பதாகும். கனடாவில் 2013-ல் துவங்கிய பா பேட்ரோல் என்ற நாய்க்குட்டிப் படத்தை உண்டாக்கினது ஒரு பொம்மைக் கம்பெனி. முதலில் ஆறு குட்டிகள்; அதில் பெண் ஒன்று; அதற்கு ரோஸ் நிறம். ஆறு பொம்மை விற்க வேண்டும், பெண்ணைப் பெற்றவருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும், அவ்வளவே கணக்கு. ஆனால் இவர்கள் சமாதானம் பொய் என்பதற்குத் தமிழ்நாட்டு வீடுகளே சாட்சி. டோரா என்ற சிறுமி, முதுகில் பை, கையில் வரைபடம், கூட ஒரு குரங்கு. ஆற்றையும் மலையையும் தாண்டிப் போகிறாள். தமிழில் அவள் பேச ஆரம்பித்ததும் பையன்கள் ஓடிப்போனார்களா? டோரா மாதிரி வழி கேட்டுக்கொண்டு தெருவில் அலைந்த பையன்கள் இன்று காலேஜில் படிக்கிறார்கள். பையனுக்குக் கதைதான் வேண்டும். பெண் கதை கேவலம் என்பதைப் பெரியவர்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அழுத பையனைப் பார்த்து, பொம்பளை மாதிரி அழுகிறாயே என்று சொல்லாத வீடு எத்தனை?

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். 2017-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மிக மிகப் புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் குழந்தைகளிடம் கதை சொல்லி, ஆண் படங்களும் பெண் படங்களும் காட்டி, இவர்களில் அவர் யார் என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பையன் ஆணைக் காட்டினான். பெண் பெண்ணைக் காட்டினாள். ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகள் தம் இனத்தைக் காட்டுவது குறைந்துவிட்டது. டெலிவிஷன்தான் காரணம் என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே யாரோ அந்தக் குழந்தையிடம் எதையோ சொல்லியிருக்கிறார்கள். நம் பெண்ணுக்கும் வயது ஆறுதான்.

வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், செய்தே காட்டியிருக்கிறார்கள். 1990-களில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியார் இந்தப் பக்கத்துத் தேசங்களுக்கென்று மீனா என்ற சிறுமியின் கதையைப் படமாக்கினார்கள். அண்ணன் தம்பிக்குப் பெரிய பங்கு, எனக்கு ஏன் சின்னப் பங்கு என்று மாம்பழத்தை வைத்துக் கேட்கிறாள். ஒரு நாள் இரண்டு பேரும் வேலையை மாற்றிக்கொள்ள, பையனுக்கு அவள் படும் பாடு தெரிகிறது. ஆப்கானிஸ்தானத்தில் 2016-ல் ஜரீ என்ற ஆறு வயதுப் பெண் பொம்மை டெலிவிஷனுக்கு வந்தது. மறுவருஷம் அதற்கு ஜீரக் என்று ஒரு தம்பியையும் சேர்த்தார்கள். பள்ளிக்கூடம் போகும் அக்காவைத் தம்பி மெச்ச வேண்டும், அதைப் பார்க்கும் பையன்களும் தகப்பன்மார்களும் மெச்ச வேண்டும் என்பது உத்தேசம். 2021-ல் தாலிபான்கள் வந்து ஆறாவது வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பொம்மை என்ன செய்யும் என்று கேட்ட தோழருக்கு ஒன்று சொல்லுகிறோம். பொம்மையால் துப்பாக்கியைத் தடுக்க முடியவில்லை, வாஸ்தவம். ஆனால் அக்கா படிப்பதைப் பார்த்த தம்பிகள் அங்கே எவ்வளவோ வீடுகளில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டினாற்போல் அவர்கள் பார்த்ததைப் பூட்ட முடியாது.

பெட்டியைத் தெருவில் போட்டு உடையுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கேரளத்தில் 2024-ல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் தகப்பன் தேங்காய் துருவுகிற படத்தைப் போட்டார்கள். அதுபோல் படம் எடுப்பவர்களும் செய்யலாம், செய்யும்படி நாம் எழுதிக் கேட்கலாம். அதுவரை குழந்தையோடு பத்து நிமிஷம் உட்காருங்கள். எத்தனை ஆண், எத்தனை பெண், யார் பேசுகிறார், யார் சமைக்கிறார் என்று குழந்தையையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணத் தெரிந்த குழந்தைக்கு நாம் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

நம் வீட்டில் இப்போது தண்ணீரை நாமே எழுந்து போய்க் குடிக்கிறோம். நேற்று மாலை மறுபடியும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். இஞ்சின் யார் என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பெரிய சண்டை வந்துவிட்டது. துணைவியார் சமாதானம் செய்து வைக்கச் சொன்னார். நாம் போகவில்லை.