வயிறு மட்டுமா வாக்குப் போடுகிறது?

பேரன்புக்குரிய நடுவர் அவர்களே! அடுக்கடுக்காகக் கணக்குச் சொல்லிவிட்டு இப்போது நிம்மதியாகச் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! ஷிப்டு முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் நேராகப் பந்தலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிற தங்கைகளே, தம்பிகளே, வல்லம் வடகால் பெரியோர்களே! பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் பக்கத்திலே வந்து உட்கார்ந்ததையும் மறந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

ஆட்சி செய்கிறவர்கள் மீது வாக்காளனுக்கு வருகிற கோபத்துக்குப் பெரிதும் காரணம் வருமானக் குறைவா, மரியாதைக் குறைவா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் வயிற்றைத் தடவிக்கொண்டே பேசினார். பார்த்தால் அந்த வயிற்றுக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. (சிரிப்பு) அவர் ஒரே தாண்டாக அமெரிக்காவுக்குப் போனார். "2024-லே டிரம்ப் ஜெயித்தது எதனாலே? முட்டை விலையாலே!" என்று மேசையைத் தட்டினார்.

ஐயா, விலைவாசியை நான் மறுக்கப் போவதில்லை. மறுத்தால் வீட்டுக்குப் போனதும் எனக்குச் சோறு கிடைக்காது. 2022 ஜூனிலே அமெரிக்காவில் பணவீக்கம் 9.1 சதவீதம். நாற்பது வருஷத்திலே அப்படி ஏறியதில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். 2024-லே முட்டை விலை ஏறியது சரி, 2016-லே என்னய்யா ஏறியது? அந்த வருஷம் விலைவாசி அடங்கிக் கிடந்தது. வேலையில்லாதவர்கள் 5 சதவீதத்துக்கும் கீழே. புள்ளிவிவரம் எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா என்று மூன்று மாநிலங்கள், பரம்பரை பரம்பரையாகத் தொழிலாளிகள் ஜனநாயகக் கட்சிக்குப் போட்டுவந்த ஊர்கள், கைமாறிப் போயின. மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 78 ஆயிரம் வாக்கு. வயிறு நிறைந்திருந்த வருஷத்திலே வாக்கு ஏன் மாறியது? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் சொல்லிப் பார்க்கிறேன்.

1994 ஜனவரி 1-ஆம் தேதி வட அமெரிக்கத் தாராள வர்த்தக ஒப்பந்தம் வந்தது. பக்கத்து மெக்சிகோவில் கூலி குறைவு. தொழிற்சாலைகள் மெல்லப் பெட்டி கட்டின. ஊரிலே கேட்டார்கள், "எங்கள் கதி என்ன?" படித்தவர்கள் சொன்னார்கள், "மொத்தத்திலே நாட்டுக்கு லாபம்." மொத்தத்திலே! இந்த 'மொத்தத்திலே' என்ற சொல் இருக்கிறதே, அது மாதிரி ஆபத்தான சொல் தமிழிலும் கிடையாது, ஆங்கிலத்திலும் கிடையாது. ஒரு வீட்டிலே நாலு பிள்ளை. மூன்று பேர் நெய்ச்சோறு சாப்பிடுகிறான், ஒருத்தன் பட்டினி. அப்பா சொல்கிறார், "மொத்தத்திலே நம் வீடு நன்றாகச் சாப்பிடுகிறது." அந்த நாலாவது பிள்ளைக்கு வருமே ஒரு கோபம், அது பசியால் வந்த கோபமா? தன்னை எண்ணிக்கையிலே சேர்க்கவில்லையே என்ற கோபமய்யா அது! (கைதட்டல்)

அதோடு விட்டார்களா? ஒபாமா 2008-லே ஒரு நிதி திரட்டும் கூட்டத்திலே பேசினார். சிற்றூர்க்காரர்கள் வேலை போன கசப்பிலே துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று பொருள்படச் சொன்னார். 2016 செப்டம்பரிலே ஹிலாரி கிளிண்டன், டிரம்பை ஆதரிக்கிறவர்களிலே பாதிப் பேரை இழிந்தவர்கள் கூட்டம் என்கிற மாதிரி ஒரு சொல்லால் அழைத்தார். மறுநாளே பாதிப் பேர் என்று சொன்னதற்கு வருத்தமும் தெரிவித்தார். ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். அந்த மனிதர்கள் அந்தச் சொல்லையே சட்டையிலே அச்சடித்துப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்கள்! சம்பளம் குறைந்தது என்று எவனும் சட்டையிலே எழுதிக்கொண்டு வரவில்லை.

இப்போது நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒரு பாலம் போடுகிறேன். ஃபாக்ஸ்கான். நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர். அந்த நிறுவனம் 2017-லே விஸ்கான்சின் மாநிலத்துக்குத் தொழிற்சாலை கொண்டுவருகிறோம் என்றது. ஆயிரம் கோடி டாலர் முதலீடு, 13 ஆயிரம் வேலை. 2018 ஜூனிலே மவுண்ட் பிளசண்ட் என்கிற ஊரிலே டிரம்பே மண்வெட்டி பிடித்துப் பூமி பூஜை போட்டார். அவர்கள் தேங்காய் உடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நிலத்துக்காக வீடுகள் காலியாயின. நல்ல வீடுகள், நல்ல தோட்டங்கள். மறுத்தவர்களை எடுக்கச் சட்டத்திலே வழி வேண்டுமே! ஊர் நிர்வாகம் அந்தப் பகுதியையே 'பாழடைந்த பகுதி' என்று அறிவித்தது. கடைசியிலே என்ன ஆயிற்று? 2021-லே ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள். 13 ஆயிரம் வேலை 1,454 ஆனது.

உடனே எதிரணிச் சகோதரி எழுந்திருப்பார்கள். "ஏமாற்றியது உங்கள் பழமைவாதக் கட்சிதானே?" ஆமாம் அம்மா! நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்துப் போட்டு வரவில்லை. அந்த ஒப்பந்தம் போட்ட ஆளுநர் ஸ்காட் வாக்கர் 2018-லேயே தோற்றார். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 2024 மே மாதம் பைடன் அங்கே வந்து, அதே நிலப்பரப்பிலே மைக்ரோசாஃப்ட் 330 கோடி டாலர் போடப்போகிறது என்று அறிவித்தார். பணம் வருகிறது. நவம்பரிலே அந்த ரசீன் மாவட்டம் யாருக்குப் போட்டது? டிரம்புக்கு! வருமானம்தான் காரணம் என்றால் இதற்கு என்ன கணக்குச் சொல்வீர்கள்? அந்த மக்கள் ஏமாந்தவர்கள் அல்ல. 'இவன் பொய் சொன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னான். அவர்கள் உண்மை சொன்னாலும் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துச் சொன்னார்கள்' என்று நினைத்திருப்பார்கள். அது சரியா என்று கேட்டால், சரியில்லைதான். கோபத்துக்குக் காரணம் எது என்பதுதானே இன்றைக்குத் தலைப்பு!

'பாழடைந்த பகுதி' என்றேனே, நான் தமிழ் வாத்தியார், சொல்லிலே நின்றுவிடுவேன். நடுவர் மன்னிக்க வேண்டும். நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது: புறம்போக்கு. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போன நிலம், அவ்வளவுதான் பொருள். ஏரி புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மாடு மேயும் மந்தை புறம்போக்கு. ஊருக்கே பொதுவாக இருந்த சொத்து. அரசாங்கத்துக்கு வரி வரவில்லை என்பதனாலே அதற்கு அப்படிப் பெயர். இன்றைக்கு அந்தச் சொல் எப்படி ஆகிவிட்டது? ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் "டேய் புறம்போக்கு!" பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம் என்று பெயர். இந்த ஊர்ப் பெயரிலேயே 'கால்' இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு வாய்க்கால்தான் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு இப்போது சிப்காட் நினைவுக்கு வரும், தப்பில்லை. தொழிற்சாலை வரட்டும், நான் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வருவதற்கு முன்னால் ஊரைக் கூட்டி, உட்காரவைத்து, "என்னப்பா சொல்கிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா?

இங்கிருந்து அதிக தூரமில்லை, ஏகனாபுரம். பரந்தூர் விமான நிலையத்துக்காக அந்த ஊர் நிலம் வேண்டும் என்று 2022-லே அறிவிப்பு வந்தது. சந்தை மதிப்புக்கு மூன்றரை மடங்கு தருகிறோம் என்றார்கள். வருமானம்தான் காரணமென்றால் அன்றைக்கே ஊர் மேளம் கொட்டியிருக்க வேண்டும்! கிராம சபையிலே தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள், வேண்டாம் என்று. 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். ஏகனாபுரம் வாக்குச்சாவடியிலே அதிகாரி இருந்தார், இயந்திரம் இருந்தது, மை இருந்தது. விரல்தான் பெரும்பாலும் வரவில்லை. பிறகு 2025-லே சுற்றுவட்டாரத்திலே சிலர் நிலம் எழுதிக் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாக்கே வேண்டாம் என்று ஓர் ஊர் வீட்டுக்குள்ளே உட்கார்ந்ததே, அது விலை போதாமல் வந்த கோபமா? கேட்காமல் விட்டார்களே என்ற கோபமா?

இன்னொன்று. 2023 ஏப்ரல் 21. சட்டமன்றத்திலே தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கிற மசோதா. முற்போக்கு பேசுகிற ஆட்சி. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள் நிறுத்திவைத்தார்கள். மே 1-ஆம் தேதி திரும்பப் பெற்றுவிட்டோம் என்று முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறேன். ஆனால் வேலை செய்கிற உடம்பு யாருடையதோ அவரிடம் முதலிலே கேட்டிருந்தால் அந்தப் பதினோரு நாள் தலைவலியே இல்லையே!

சுங்குவார்சத்திரத்திலே சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-லிருந்து 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் கம்யூனிஸ்ட் இல்லை, சிவப்புச் சட்டைகூட என்னிடம் கிடையாது. ஆனால் அவர்கள் முன்னே வைத்த கோரிக்கையைப் படித்துப் பார்த்தேன். சம்பளமும் இருந்தது. அதைவிட அழுத்தமாக இருந்தது, எங்கள் சங்கத்தைப் பதிவு செய், சங்கத்தோடு பேசு என்பது. 2025 ஜனவரியிலே பதிவு கிடைத்தது. முப்பத்தேழு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒருவன் ஒரு பெயர்ப் பலகைக்காக நிற்கிறான் என்றால் எந்தப் பக்கத்துக்கு அது சாட்சி, நடுவர் அவர்களே? (கைதட்டல்)

என்னைப் பழமைவாதி என்று எதிரணியிலே சொன்னார்கள். சொல்லட்டும், சந்தோஷம். குடும்பம், ஊர், கோயில் குளம், கிராம சபை, சங்கம், இவையெல்லாம் மனிதனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவிலே நிற்கிற திண்ணைகள் என்று நம்புகிறவன் நான். இன்றைய முற்போக்கு அரசியல் திண்ணையை இடித்துவிடுகிறது. ஒரு பக்கம் தனி மனிதன், இன்னொரு பக்கம் சர்க்கார், நடுவிலே ஓர் அட்டை. அவனுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறது: பயனாளி. ஒரு காலத்திலே குடிமகன் என்றோம், பிறகு வாக்காளர் என்றோம், இப்போது பயனாளி. கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே.

இங்கே எதிரணிச் சகோதரி குறித்துக்கொண்டது எனக்குத் தெரியும். "அந்தப் பழைய ஊரிலே மரியாதை எல்லாருக்கும் இருந்ததா? சேரிக்கு இருந்ததா? பெண்ணுக்கு இருந்ததா?" இல்லை அம்மா. அந்த இடத்திலே நான் தலை குனிகிறேன். திண்ணையிலே எல்லாரும் உட்கார முடியவில்லை. அதைக் கேட்கத்தான் 1925-லே பெரியார் ஓர் இயக்கம் தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைத்தார்? சுயவருமான இயக்கம் என்றா வைத்தார்? சுயமரியாதை இயக்கம்! உங்கள் முற்போக்கே என் அணியிலே பிறந்த பிள்ளை அம்மா, நடுவிலே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது! (பலத்த கைதட்டல்)

1967-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். இதே ஸ்ரீபெரும்புதூர் தொகுதி. நின்றவர் சாதாரண ஆள் இல்லை, அன்றைய முதலமைச்சர் பக்தவத்சலம். தோற்றார். எதிரணி சொல்லும், அரிசிப் பஞ்சம், ரூபாய்க்கு மூன்று படி என்று அண்ணா கொடுத்த வாக்குறுதி என்று. உண்மைதான், அரிசியும் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 1965-லே மாணவர்கள் தெருவிலே நின்றது எந்த அரிசிக்காக? மொழிக்காக நின்றார்கள். சுட்டார்கள். அதை மக்கள் மறக்கவில்லை.

பாண்டியன் அவைக்குக் கண்ணகி வந்தாள். சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். அவள் இழப்பீடு கேட்டாளா? கருணை அடிப்படையிலே வேலை கேட்டாளா? தன் கணவன் கள்வன் இல்லை, அதை அரசன் வாயாலே ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் கேட்டாள்.

இந்த ஊருக்கே வந்துவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி இங்கே வல்லம் வடகாலிலே 706 கோடி ரூபாய்ச் செலவிலே 18,720 தொழிலாளர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். நல்ல காரியம். 2021 டிசம்பரிலே விடுதிச் சாப்பாட்டாலே பெண் பிள்ளைகள் மயங்கி விழுந்து, மற்றவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையிலே விடிய விடிய உட்கார்ந்ததைப் பார்த்த எவனும் இதைக் குறை சொல்லமாட்டான். அந்தப் பிள்ளைகளும் அன்றைக்குச் சாலையிலே சம்பளம் கேட்டு உட்காரவில்லை. மருத்துவமனைக்குப் போன தோழி என்ன ஆனாள் என்று கேட்டார்கள். யாரும் வந்து பதில் சொல்லவில்லை என்பதுதான் அவர்களுக்குக் கோபம்.

என்னிடம் பி.ஏ. தமிழ் படித்த ஒரு பெண் இந்தப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையிலே இருக்கிறாள். எதென்று சொல்லமாட்டேன். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தாள். "சம்பளம் வருதாம்மா?" என்றேன். "வருது சார். தம்பியைப் படிக்க வைக்கிறேன்." "சாப்பாடு?" "பரவாயில்லை சார்." "அப்புறம் என்னம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "சார், அப்பா விழுப்புரத்திலேர்ந்து முறுக்கு எடுத்துக்கிட்டு வந்தாரு. நம்பர் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. அவருக்கு என் பேருதான் தெரியும். நம்பர் தெரியலை. ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுட்டு, முறுக்கை வாட்ச்மேன்கிட்டே கொடுத்துட்டுப் போயிட்டாரு."

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அந்தப் பெண் அடுத்த தேர்தலிலே எங்கே விரல் வைப்பாள் என்று நான் கேட்கவில்லை, அது அவள் உரிமை. விரல் வைக்கிறபோது அவளுக்குச் சம்பளச் சீட்டு நினைவுக்கு வருமா, வெயிலிலே நின்ற அப்பா நினைவுக்கு வருவாரா என்பதை மட்டும் எனக்குப் பின்னால் பேச வருகிற எதிரணி நண்பர் சொல்லிவிட்டு, பிறகு முட்டைக் கணக்குக்குப் போகட்டும்.