ஓடும் வீட்டில் ஓடாத பாத்திரம்

(நமது சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வெளிநாட்டுல இருக்கே, ஏதாவது பத்து நிமிஷம் பேசு. ஆனா அறுக்காதே" என்று நம் செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். நான் மெக்கானிக்கல் படித்தவன். பெரிய தத்துவம் எல்லாம் வராது. ஆகவே ஒரு பிரஷர் குக்கரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

எனக்கு வேலை நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் நகரில். 2023 டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நமக்கு மார்கழிப் பனி. அங்கே அது கோடைக்காலம். மனைவிக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் மூன்று பேர் மட்டும் ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்து, குவீன்ஸ்டவுன் புறப்பட்டோம். கேரவன் என்றாலே நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். அங்கே சாதாரணக் குடும்பங்களும் அப்படி ஒரு வண்டியில் ஊர் சுற்றுகின்றன. உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், படுக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு. அம்மாவுக்கு ஒரே குஷி. குக்கர், இட்லிப் பானை, முறுக்கு டின் என்று பாதிச் சமையலறை வண்டிக்குள் வந்துவிட்டது.

டெகாப்போ ஏரியில் ஒரு ராத்திரி தங்கினோம். மறுநாள் ஒமராமாவில் காப்பிக்கு நின்றபோது, அதுவரை பின் சீட்டில் இருந்த அப்பா, "முன்னாடி உக்காந்து மலையைப் பாக்கறேன்டா" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் லிண்டிஸ் கணவாய். 971 மீட்டர் உயரம். ஏறி, இறங்கும்போது ஒரு வலது வளைவு. நான் வேகமாகக்கூடப் போகவில்லை. பின்னால் 'டமால்' என்று ஒரு சத்தம். அம்மா அலறினார். நான் பிரேக்கை மிதித்து, ஓரமாக நிறுத்தினேன்.

மேல் அலமாரி திறந்து, குக்கர் விழுந்திருந்தது. விழுந்த இடம், அப்பா காலையிலிருந்து உட்கார்ந்திருந்த சீட். இறங்கலாம் என்று குனிந்தால், பிரேக் பெடலுக்கு ஒரு சாண் தள்ளி, அப்பாவின் ஸ்டீல் பிளாஸ்க் கிடக்கிறது! மோட்டார்ஹோமில் வீட்டுப் பகுதியும் டிரைவர் பகுதியும் ஒரே தரை. பின்னால் வைத்த பொருள், பிரேக் போட்டால் நேராக நம் காலடிக்கு உருண்டு வரும். அது பெடலுக்கு அடியில் போயிருந்தால்? அந்த இறக்கத்தில் அடுத்த வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கை நடுங்கும்.

"நான்தான்டா சரியா சாத்தலை" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். உண்மை அதுவல்ல. அந்த அலமாரிக்குப் பட்டன் பூட்டு. அமுக்கினால் குமிழ் வெளியே வரும், கதவு திறக்கும். சாத்திய பிறகு குமிழை மறுபடி உள்ளே அமுக்கினால்தான் பூட்டு விழும். குமிழ் வெளியே நின்றாலும் கதவு சாத்தினது மாதிரியேதான் தெரியும். வண்டி கொடுத்தவர்கள் இதை எனக்கு ஆங்கிலத்தில் ஒரு வரியில் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. வேலை இடத்தில் தினமும் காலையில் பத்துப் பேரை நிற்க வைத்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவன் நான். பெற்ற தாய்க்கு ஒரு பூட்டைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இனி, நம் கல்லூரியில் படித்த கணக்கு. வண்டி திரும்பும், உள்ளே இருக்கும் பொருள் நேராகப் போகப் பார்க்கும். 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 50 கி.மீ. வேகத்தில் போனால், பொருளின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளும். 3 கிலோ குக்கர் 1 கிலோ விசையோடு கதவை முட்டும். பூட்டாத கதவுக்கு அது போதும். இது சாதாரண வளைவு. 50 கி.மீ. வேகத்தில் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வண்டி நின்றால், விசை எடையைப்போல் 14 மடங்கு. குக்கர் 42 கிலோவாக வந்து இடிக்கும்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மா, "எல்லாத்தையும் கீழே இறக்குடா" என்றார். அப்பாவுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர். லாரியில் சாமான் ஏற்றி ஏற்றி அம்மாவுக்குப் பழக்கம். இட்லிப் பானைக்குள் குக்கர், அதற்குள் டம்ளர்கள், இடையில் துண்டு, தட்டுக்குத் தட்டு ஒரு துணி. பெட்டியை ஆட்டிப் பார்த்தார். 'கடகட' என்றது. பிரித்து இன்னொரு துண்டைத் திணித்தார். சத்தம் நின்றது. "ஆடக்கூடாது. ஆடினா வழியிலே வம்பு" என்றார். நான் போட்ட கணக்கை அம்மா அந்த ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

மீதி நாட்களில் நாங்கள் கடைப்பிடித்தது இவ்வளவுதான்:

கனமானது எல்லாம் தரையில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில். மேல் அலமாரியில் துணி, ரொட்டி, சிப்ஸ் மட்டும்.

அலமாரியிலும் டிராயரிலும் வழுக்காத ரப்பர் விரிப்பு. இடைவெளி இருந்தால் துண்டு. கத்தி டிராயரை விட்டு வெளியே இருக்கக்கூடாது.

ஃபிரிட்ஜ் கதவுக்கு அதன் கொக்கியைப் போடவேண்டும். நிறைய அடைத்து வைத்தால் பாட்டில் ஆடாது.

மேஜை, படுக்கை, தரை மூன்றும் காலி. முக்கியமாக, உருளக்கூடிய எதுவும் தரையில் கூடாது.

புறப்படுமுன் ஒருவர் சுற்றி வந்து ஒவ்வொரு பூட்டையும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். கேஸ் வால்வு, ஜன்னல், கூரைத் திறப்பு, படிக்கட்டு எல்லாம் அதில் சேர்த்தி. எங்கள் வண்டியில் அந்தப் பதவி அம்மாவுக்கு. "ஆச்சு, எடு" என்று அவர் சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவேன்.

பத்து நிமிஷம் ஓட்டிய பிறகு ஒரு தரம் நிறுத்திப் பார்க்கவேண்டும்.

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் என்றால் இன்னும் ஒன்று. வால் பக்கம் கனத்தை ஏற்றினால், வேகத்தில் அது பாம்புபோல் நெளிய ஆரம்பிக்கும். பொருள் உள்ளே நகர்ந்து பின்னால் போனாலும் அதே கதிதான்.

"எங்ககிட்ட மோட்டார்ஹோம் ஏதுப்பா?" என்று கேட்பீர்கள். கார் இருக்கிறதே! டிரைவர் சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில், பின் கண்ணாடி ஓரத்தில் குடையும், கோயில் தேங்காயும், குத்துவிளக்கும். இன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். கூட வருகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அப்பா இன்றும் அந்தப் பிளாஸ்க்கைத்தான் வைத்திருக்கிறார். இப்போது அதற்கு ஒரு பை, பைக்கு ஒரு கயிறு. இதோ, மூன்றாவது வரிசையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.