வானொலியில் கண்ட கால்பந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. ஆயினும், நம் செயலாளர் என் இல்லம் தேடி வந்து, 'இம்முறை பழைய கல்கத்தாவைப் பற்றிப் பேசுங்கள்' என்று பணித்தார். எண்ணிப் பார்த்தபொழுது என் மனக்கண்முன் முதலில் வந்து நின்றது, என் சன்னலருகே இருந்த பழைய வானொலிப் பெட்டியே. அதனுள்ளிருந்து எழுந்த கால்பந்து ஆரவாரமும் உடன் வந்தது. விளையாட்டுப் பேச்சு இவ்வவைக்கு ஏற்றதோ என்று ஐயுறுவோர் சிறிது பொறுத்தருள வேண்டுகின்றேன். பந்திலே தொடங்கி ஒரு கடனிலே முடிக்க எண்ணியுள்ளேன். அது நான் செலுத்தாமல் விட்ட கடன்.

1969ஆம் ஆண்டு, வேலை நிமித்தமாக இந்நகருக்கு வந்து சேர்ந்தேன். லேக் மார்க்கெட்டுக்கு அருகே மாடியில் ஓர் அறை. கையில் ஒரு பெட்டி. வாயில் வங்கமொழி ஒரு சொல்லும் இல்லை. நம் ஊரில் மழை பெய்தால் விளையாட்டு நின்றுவிடும். இங்கோ, மழைப் பருவமே கால்பந்துப் பருவம் என்பதைக் கண்டு வியந்தேன். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் மூன்று பெருங்கழகங்களும் மைதானத்தில் மோதும் நாட்களில், தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடப்பவன் ஒரு சொல்லும் விடாமல் ஆட்ட வருணனையைக் கேட்டுக்கொண்டே செல்லலாம். அத்தனை சன்னல்களிலும் ஒரே குரல் ஒலிக்கும். அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார், கமல் பட்டாச்சார்யா ஆகிய அவ்வருணனையாளர்களே எனக்கு வங்கமொழி கற்பித்த ஆசிரியர்கள். கடையில் உப்புக் கேட்கத் தெரியுமுன்னரே, பந்து இடப்புறமாக விரைகின்றது என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது!

வானொலி வருணனையில் ஒரு விந்தை உண்டு. பேசுவோர் பாதி ஆட்டத்தைத்தான் தருவார். மறுபாதியைக் கேட்போன் தன் உள்ளத்திலே அமைத்துக்கொள்ள வேண்டும். ஆதலால் அவ்வாட்டங்களில் வழுக்கி விழுந்தவர் எவரும் இலர். பந்தைத் தவறவிட்டவர் எவரும் இலர். நாங்கள் கேட்ட ஆட்டக்காரர் அனைவரும் நாங்கள் விரும்பிய அளவுக்கு உயர்ந்தே நின்றனர்.

என் அறைக்குக் கீழே ஒரு வங்கப் பெரியவர் குடியிருந்தார். அவர்கள் வழக்கப்படி 'தாதா' என்று, அண்ணன் முறை வைத்தே அழைப்பேன். நாட்டுப் பிரிவினையால் டாக்கா நகரை விட்டு வந்த குடும்பம். வீடும் தோப்பும் ஆற்றுத்துறையும் போயின. எஞ்சியது ஈஸ்ட் பெங்கால் என்னும் கழகத்தின் பெயர் ஒன்றே. எதிர்வீட்டில் இருந்தவரோ பரம்பரைக் கல்கத்தாக்காரர். மோகன் பகான் பற்றாளர். மாலைதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இவ்விருவரும் நிகழ்த்திய சொற்போர்களைப் போலச் சுவையானவற்றை நான் பின்னர் எந்த மன்றத்திலும் கேட்டதில்லை.

எதிர்வீட்டுக்காரர் எப்பொழுதும் 1911இல்தான் தொடங்குவார். அவ்வாண்டு ஜூலை 29ஆம் நாள், வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் வீரர்கள் கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2–1 என்று வென்று கேடயத்தைக் கைப்பற்றிய வரலாற்றைச் சொல்வார். 'அன்று உங்கள் கழகம் எங்கே இருந்தது?' என்று கேட்பார். ஈஸ்ட் பெங்கால் பிறந்ததோ 1920இல்! தாதா அதற்கு விடை தேடிப் பல ஆண்டு காத்திருந்தார். 1975 செப்டம்பர் 30ஆம் நாள் அவருக்கு விடை கிடைத்தது. அன்று கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என்று வென்றது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் விலையேறுவது இந்நகர வழக்கம். மறுநாட் காலை, தாதா ஐந்து துண்டு இலிஷ் மீனை ஒரு தட்டில் வைத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினார். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. 'மீன் நன்று, எண்ணிக்கைதான் செரிக்கவில்லை' என்று விடையும் வந்தது!

இப்போரில் எனக்கும் ஒரு படைக்கலம் வேண்டாவா? எனக்கு வாய்த்தவர் துளசிதாஸ் பலராமன். செகந்தராபாத்தை அடுத்த சிற்றூரில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இருந்தவர். 1961இல் ஈஸ்ட் பெங்காலின் தலைவராக நின்று லீக் வெற்றியைத் தேடித் தந்தவர். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தென்கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் பெற்ற அணியில், சுனி கோஸ்வாமியும் பி. கே. பானர்ஜியும் அவருடன் முன்னணியில் ஆடினர். அவ்விறுதியாட்டத்தில் இலக்கைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். இவர் இந்நகரின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடியவர். ஆனால் பலராமனை நோய் பற்றிற்று. 1963இல், 27 வயதளவில், அவர் ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தது.

'பலராமனைப் போல் இனி ஒருவன் பிறப்பானா?' என்று தாதா பெருமூச்செறிவார். 'பிறக்க மாட்டான்!' என்று நானும் உரக்கச் சொல்வேன். அன்பர்களே, ஆண்டுக் கணக்கைச் சற்று நோக்குங்கள். அவர் ஆட்டத்தை விட்டது 1963இல். நான் இவ்வூருக்கு வந்தது 1969இல். அவர் ஆடியதை நான் ஒருநாளும் கண்டவன் அல்லேன். வானொலியிற்கூடக் கேட்டவன் அல்லேன். தாதாவின் நினைவைக் கடன் வாங்கி, அதனை என் சொந்தச் செல்வம்போலச் செலவு செய்தேன்! பழமையைப் போற்றும் பேச்சில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்ததே என்று இன்று உணர்கின்றேன்.

பழமையைப் போற்றுவது பிழை என்று நான் சொல்லவில்லை. இந்நகர மக்கள் அதனை எவ்வளவு அழகாகச் செய்தனர் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருவேன்.

மகாளய அமாவாசையன்று விடியற்காலை 4 மணிக்கு, வானொலியில் மகிஷாசுரமர்த்தினி நிகழ்ச்சி ஒலிப்பதை நீங்கள் அறிவீர்கள். 1930களிலிருந்து அதில் ஓதிவந்தவர் பிரேந்திர கிருஷ்ண பத்ரா. 1976இல் அவருக்கு வயது 71. அவ்வாண்டு நிலையத்தார், புதுமை வேண்டும் என்று கருதினர் போலும். திரையுலகில் ஒளிவீசிய உத்தம் குமாரைக் கொண்டு வேறு நிகழ்ச்சி அமைத்து ஒலிபரப்பினர். எங்கள் தெருவில் அன்று விடியலில் விளக்குகள் எரிந்தன, வானொலிகள் பாடின, ஆனால் முகங்கள் வாடியிருந்தன. தாதா பெட்டியின் திருகை இருமுறை திருப்பிப் பார்த்தார், நிலையம் மாறிவிட்டதோ என்று! நகரெங்கும் கண்டனம் எழுந்தது. உத்தம் குமாரிடத்தில் வங்க மக்களுக்கு அன்பு குறைவா? இல்லை. அந்த விடியலுக்கு அவர்கள் வேண்டியது அந்த முதியவர் குரல் ஒன்றே. அவ்வாண்டே, சஷ்டி நாளில், பழைய நிகழ்ச்சி மீண்டும் ஒலித்தது. அம்முதியவர் உயிருடன் இருக்கும்பொழுதே, 'எங்களுக்கு நீர் வேண்டும்' என்று ஒரு நகரமே அவரிடம் சொல்லிவிட்டது.

மறு ஆண்டு, 1977 செப்டம்பர் 24ஆம் நாள், பிரேசில் நாட்டுப் பெலே இங்கு வந்து, ஈடன் கார்டன்ஸ் திடலில் காஸ்மாஸ் அணிக்காக மோகன் பகானை எதிர்த்து ஆடினார். அவருக்கு அப்பொழுது 36 வயது; ஓய்வு பெறச் சில நாட்களே எஞ்சியிருந்தன. மழையால் திடல் சேறாகிக் கிடந்தது. ஆட்டம் 2–2 என்று முடிந்தது. பெலே ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆயினும் வருத்தத்துடன் திரும்பியவரை நான் காணவில்லை. 'அம்மனிதனைக் கண்டோம், அது போதும்' என்றே அனைவரும் சொன்னார்கள். தாதா அன்று ஒரு நாள் மட்டும் மோகன் பகானுக்குக் கைதட்டினார். வீடு திரும்பியதும், 'நான் தட்டியது கொசுவை' என்று சாதித்தார்!

இனி என் கடனுக்கு வருகின்றேன்.

ஆட்டத்தை விட்ட பலராமன் செகந்தராபாத்துக்குத் திரும்பிவிடவில்லை. கங்கையின் அக்கரையில், உத்தரபாராவில் வாழ்ந்தார். ஹௌராவிலிருந்து உள்ளூர் வண்டி ஏறினால் அரைமணி நேரத்தில் அடையும் ஊர் அது. எங்களுக்கு இது தெரியாததன்று. தாதா பலமுறை சொன்னார்: 'ஒருநாள் போய்ப் பார்த்து வருவோம், பாய்.' ஒவ்வொரு முறையும் நான் சொன்ன விடை, 'அடுத்த ஞாயிறு போகலாம், தாதா.' அந்த ஞாயிறு வரவே இல்லை. எதிர்வீட்டுக்காரர் முதலில் மறைந்தார். பின்னர்த் தாதாவும் மறைந்தார். திண்ணையை இடித்துப் பலமாடிக் கட்டடம் எழுப்பினார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பி. கே. பானர்ஜியும், ஏப்ரலில் சுனி கோஸ்வாமியும் மறைந்தனர். அப்பொழுதேனும் எனக்கு விழிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

2023 பிப்ரவரி 16ஆம் நாள், என் பேத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள். 'தாத்தா! நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, அந்தப் பலராமன் இன்று காலமாகிவிட்டாராம். உத்தரபாராவில்தான் இருந்தாராமே! நீங்கள் போய்ப் பார்த்ததுண்டா?' என்று கேட்டாள்.

என்னால் விடை சொல்ல இயலவில்லை. கடல் கடந்து வந்த பெலேயைக் காண மழையில் நனைந்து நின்றவன் நான். ஆறு கடந்தால் காணக்கூடிய நம்மவரை, அவர் உயிருடன் இருக்கும்பொழுதே, 'இருந்தார், ஆடினார்' என்று இறந்தகாலத்தில் பேசிக்கொண்டிருந்தவனும் நானே. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் புகழைப் பேசினேன். ஒருநாளும் அவர் வாயிற்படியை மிதித்தேனில்லை. புகழ்ந்து பேசுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அதனால்தான் அதனை அவ்வளவு தாராளமாகச் செய்தேன் போலும்.

இளைஞர்களே! இன்று பழைய வானொலிப் பெட்டி என் வீட்டில் ஒலிப்பதில்லை. என் கண்ணும் மங்கிவிட்டது. தொலைக்காட்சியில் பந்து எங்கே ஓடுகின்றது என்று தெரிவதில்லை. ஆதலால் என் பேத்தி அருகில் அமர்ந்து, தமிழும் வங்கமும் கலந்து ஆட்டத்தைச் சொல்லிவருகின்றாள். அவள் சொல்லும் பெயர்கள் எனக்குப் புதியவை. 'இவர்கள் என்ன ஆடுகிறார்கள்!' என்று முன்பு எள்ளியவன், இப்பொழுது வாய்மூடிக் கேட்கின்றேன். காணாத பலராமனைப் போற்றியவன், காணாத இவ்விளைஞர்களை இகழ எனக்கு என்ன உரிமை?

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பத்தை வைத்து அமைகின்றேன். நம் குடியிருப்பிலே தனித்து வாழும் முதியோர் பலர் உளர். இச்சங்கத்தைத் தொடங்கிக் கையில் நன்கொடைப் புத்தகத்துடன் தெருத்தெருவாக நடந்தவர்கள் அவர்களில் இருக்கின்றார்கள். அவர்களைப் பற்றி இம்மலரில் எழுதுகின்றோம், மகிழ்ச்சி. மலரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே செல்லுங்கள். அருகமர்ந்து அவர்கள் குரலைக் கேளுங்கள். உங்கள் கைப்பேசியில் அதனைப் பதிந்து வையுங்கள்.

'அடுத்த ஞாயிறு' என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த ஞாயிறே செல்லுங்கள்.