கடைமடைக்கு நீர் சேர்ந்ததா?

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு, 2026 சனவரியில் பொங்கல் நன்றித் திருப்பலிக்குப் பின் கூடிய பங்கு மக்களுக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஓர் ஆண்டு கழிந்து, மற்றோர் ஆண்டு பிறந்திருக்கிறது. வியாபாரி ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு முடிக்கிறார். விவசாயி ஒவ்வொரு போகத்திற்கும் கணக்குப் பார்க்கிறார். விசுவாசி மட்டும் நள்ளிரவுத் திருப்பலி கண்டு, வாழ்த்துச் சொல்லி, கேக் வெட்டி ஆண்டை முடித்துக்கொள்ளலாமா? கடவுள் நமக்குத் தந்த முந்நூற்று அறுபத்தைந்து நாட்களுக்கும் கணக்கு உண்டு அல்லவா? அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது, வரும் ஆண்டை எப்படித் திட்டமிடுவது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நமக்கு இது இரட்டை யூபிலிக் காலம். அகில உலகத் திருச்சபை 2025-ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. 2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் புனித கதவைத் திறந்து வைத்தார். திறந்தவர் அதை மூடுவதற்கு இருக்கவில்லை. 2025 ஏப்ரல் 21, உயிர்ப்பு விழாவுக்கு மறுநாள், அவர் இறைவனடி சேர்ந்தார். மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, இந்தச் சனவரி 6 அன்று அக்கதவை மூடினார். ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடிக்கிறார். திருச்சபையின் வேலை எப்போதும் அப்படித்தான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பங்கைத் தொடங்கியவர்களில் பலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள். அவர்கள் நட்டதை நாம் அறுக்கிறோம்.

யூபிலி என்றால் விழா என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கொடிமரத்துக்கு வர்ணம், கோபுரத்துக்கு மின்விளக்கு, ஆயரவர்களுக்கு வரவேற்பு, அசனம், மலர் வெளியீடு. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் இஸ்ராயேலர் செய்ய வேண்டியவை அங்கே வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்றுத் தன் வீட்டுக்குப் போக வேண்டும். நிலமும் அந்த ஆண்டு ஓய்வு கொள்ள வேண்டும். யூபிலியை அறிவிக்கும் கொம்பு ஊதப்பட்டது எந்த நாளில் தெரியுமா? பாவக் கழுவாய் நாளில். அதாவது, முதலில் கணக்குத் தீர்ப்பு, பிறகே கொண்டாட்டம். தாழ்ந்துபோனவன் எழுந்து நிற்கும்படி கணக்கைத் தீர்ப்பதுதான் யூபிலி. திருத்தந்தை பிரான்சிஸ் யூபிலி அறிவிப்பு மடலில் சிறைப்பட்டோரையும், நோயாளிகளையும், புலம்பெயர்ந்தோரையும், ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடியையும் குறிப்பிட்டதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் நம்முடைய கணக்கை எந்த அளவுகோலால் அளப்பது? அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பள்ளத்தாக்கின் தண்ணீரே நமக்குப் பாடம் சொல்கிறது.

இந்தப் பொங்கல் வாரத்தில் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பென்னிகுவிக் அவர்களின் பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம். 1886-இல் திருவிதாங்கூர் அரசோடு ஒப்பந்தம். 1887-இல் வேலைத் தொடக்கம். காட்டு மழை, கொள்ளை நோய், வெள்ளம். கட்டிய தொடக்க வேலைகளை ஆறு அடித்துக்கொண்டு போனது. பெயர் தெரியாத எத்தனையோ தொழிலாளிகள் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். 1895-இல் அணை நிறைவேறிற்று. மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரால்தான். மிச்சம் வைகை அணைக்குப் போய், மதுரையைத் தாண்டி, மேலூர் வரை பாய்கிறது.

ஆனால் அணை நிரம்பியதால் மட்டும் ஊர் செழித்துவிடாது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். மதகு திறந்ததும் தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் தளும்பும். அவர் மறித்துக்கொண்டால் கடைமடை வயல் வெடித்துக் கிடக்கும். ஆகவே ஒரு வாய்க்கால் நன்றாக ஓடியதா என்று கேட்பவர் தலைமடையில் நின்று பார்ப்பதில்லை. கடைசி வயலுக்குப் போய் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார்.

பங்கு வாழ்க்கையும் இப்படித்தான். பீடத்திலே அருள் நிறைந்து நிற்கிறது. நாள்தோறும் திருப்பலி, நற்கருணை, இறைவார்த்தை, பங்குப் பள்ளி, பக்த சபைகள், எல்லாமே உண்டு. கோயிலுக்கு அருகில் உள்ள நாம் தலைமடைக்காரர்கள். கடந்த ஆண்டில் அந்த அருள் நம் பங்கின் கடைமடைக்குச் சேர்ந்ததா? நாம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

மதுரை மறைபரப்பு நாட்டில் விசுவாசத்தை விதைத்த இயேசு சபைக் குருக்களின் ஞானத் தந்தை புனித இஞ்ஞாசியார், ஆன்ம சோதனைக்கு ஒரு முறையைக் கற்றுத் தந்திருக்கிறார். முதலில் நன்றி கூறு. ஒளி கேள். நடந்ததைத் திரும்பிப் பார். மனம் வருந்து. திருந்தத் தீர்மானி. ஒரு நாளுக்கு உரிய இந்த முறை ஓர் ஆண்டுக்கும் பொருந்தும்.

முதலில் நன்றி. மதுரை–தேனி இரயில் 2022-இல் திரும்ப வந்தது, 2023-இல் போடிநாயக்கனூருக்கும் போய்ச் சேர்ந்தது. அதே 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சைக் கொடியை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சு குரு என்று சொல்வார்கள். இவற்றின் பயனையெல்லாம் கடந்த ஆண்டு அனுபவித்தோம். 2025 அக்டோபரில் கொட்டிய மழையில் ஆறு பெருகி நம் பள்ளத்தாக்கின் வயல்களிலே வெள்ளம் புகுந்தபோது, அடுத்த தெருக்காரர் யார், எந்தச் சமயம் என்று கேட்காமல் சோறு பொங்கிக் கொடுத்த வீடுகள் நம் பங்கில் உண்டு. அதற்காகவும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம். நன்றி சொல்லாதவன் கணக்கில் வரவுப் பக்கம் காலியாகவே இருக்கும்.

அடுத்து, ஒளி கேட்டுத் திரும்பிப் பார்ப்போம். கையில் விளக்கோடு வாய்க்கால் கரையில் நடப்பதுபோல நடப்போம், வாருங்கள்.

பொழுது விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு நம் தாய்மார்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். மலைப்பாதையில் விபத்து என்ற செய்தியை எத்தனை முறை கேட்டுவிட்டோம்! இருட்டும் வேளையில் வீடு திரும்புகிறார்கள். நம் காலைத் திருப்பலியும் மாலை ஜெபமாலையும் யாருடைய வசதிக்காக நேரம் குறிக்கப்பட்டிருக்கின்றன? ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்குத் துணி துவைக்கவும் அரிசி வாங்கவும் கிடைக்கும் நாள். அவர்கள் கோயிலுக்கு வருவதில்லை என்று நாம் குறை கூறுகிறோம். கோயில் அவர்களிடம் போயிற்றா?

தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள். புதுநன்மை வகுப்புக்கு அவர்களை அழைத்து வர ஆள் இல்லை. திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போன இளைஞர்களின் பெயர் நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யார் விசாரிக்கிறோம்?

கந்துவட்டிக்கு வாங்கிய பணத்தால் தாலிக்கொடியை இழந்த வீடு உண்டு. குடியால் கூலியை இழந்த வீடு உண்டு. சொத்துத் தகராறில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் கோயிலின் இருபுறமும் அமர்ந்து, சமாதானம் சொல்லும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த உரை பொய்யாகும். ஒரே பாத்திரத்தில் நின்று உட்கொள்ளும் நாம், சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதில் சாதி பார்க்கிறோம். இந்திய ஆயர் பேரவை 2016-இலேயே தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஏட்டை வெளியிட்டது. ஏடு அலமாரியில் இருந்தால் போதுமா? சப்பரம் நுழையாத தெருவுக்கு ஆண்டவர் நம்மைக் கேட்காமலே போய்விடுவார். தலைமடையில் மறித்து நிற்கும் நாம்தான் வறண்டு போவோம்.

இவற்றையெல்லாம் கேட்டு மனம் வருந்துவது நல்லது. ஆனால் வருத்தத்தோடு நின்றுவிடக் கூடாது. மனஸ்தாபம் பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை வர வேண்டும். அங்கிருந்து நாம் மனம் நோகச் செய்தவரின் வீட்டு வாசல்வரை போக வேண்டும்.

இனி, தீர்மானம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் புனித லூக்கா நற்செய்தியில் கூறுகிறார். திட்டமிடுவது அவிசுவாசம் அல்ல. அதே சமயம், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனை அறிவற்றவன் என்றும் அவரே கூறுகிறார். அவன் திட்டத்தில் பிழை என்ன? கணக்கில் பிழை இல்லை. அவன் பேச்சில் ‘நான்’, ‘என்’ என்பவை தவிர வேறு ஆள் இல்லை. பிறருக்கு இடமில்லாத திட்டத்தில் கடவுளுக்கும் இடமில்லை. புனித யாகப்பரும், நாளை இன்ன ஊருக்குப் போய் இவ்வளவு சம்பாதிப்போம் என்று பெருமை பேசுவோரைப் பார்த்து, ஆண்டவர் திருவுளமானால் என்று சேர்த்துச் சொல்லும்படி எச்சரிக்கிறார். அணையும் இருக்கிறது, வாய்க்காலும் இருக்கிறது; மழை மட்டும் நம் கையில் இல்லை. இதை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே 2026-ஆம் ஆண்டுக்கு நூறு திட்டம் வேண்டாம். மூன்று போதும். பங்குப் பேரவையும் அன்பியங்களும் இவற்றை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: மாதத்தில் ஒரு நாள், தோட்டத்து ஜீப்புகள் திரும்பிய பிறகு, இரவு வேளையில், அவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே திருப்பலி. குருவும் பாடகர் குழுவும் அங்கே போவோம். இதுவரை சப்பரம் போகாத தெருவில் இதைத் தொடங்குவோம்.

இரண்டு: பொன்விழாவுக்குச் சேரும் நன்கொடையில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்து, வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்று ஏற்படுத்துவோம். மருத்துவச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அதிலிருந்து கொடுத்து, சிறுகச் சிறுகத் திரும்பப் பெறலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் கணக்கைக் கவனிக்கட்டும். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். திராட்சைத் தோட்டக்காரருக்குக் கவாத்து பற்றித் தெரியும். வெட்டாத கொடி தழைக்கும், காய்க்காது. வாண வேடிக்கையையும் விளம்பரத் தட்டிகளையும் கொஞ்சம் கவாத்து செய்வோம். பணம் வரும்.

மூன்று: ஒவ்வொரு அன்பியமும் இவ்வாண்டு ஒரு பகையையாவது தீர்த்து வைக்கட்டும். பொன்விழாத் திருப்பலியில் முறிந்துபோன இரு சகோதரர்கள் சேர்ந்து காணிக்கை எடுத்து வந்தால், அதைவிட மேலான அலங்காரம் நம் பீடத்துக்கு வேண்டியதில்லை.

நாற்றங்காலுக்கு ஒரு நாள், நடவுக்கு ஒரு நாள், களையெடுப்புக்கு ஒரு நாள் என்று நாம் குறித்துக்கொள்வது போல, இந்த மூன்றுக்கும் பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வையுங்கள். தவக்காலத் தொடக்கத்தில் ஆரம்பிப்போம். வழக்கமாகச் சூன் மாதத்தில் முதல் போகத்துக்கு மதகு திறக்கும் வேளையில் கூடி ஒருமுறை பார்ப்போம். ஆண்டு முடிவில் மறுபடி பார்ப்போம். அப்போது கேட்கும் கேள்வி, எத்தனை பேர் விழாவுக்கு வந்தார்கள் என்பதாக இராது. கடைமடைக்கு நீர் சேர்ந்ததா என்பதாகவே இருக்கும்.

இறுதியாக, ஆண்டவர் சொன்ன காய்க்காத அத்திமர உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளாகக் கனி காணாத தோட்டக்காரர் அதை வெட்டிவிடச் சொன்னார். அங்கே வேலை செய்தவர் இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்டார். சும்மா கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுவேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டு கேட்டார். இந்தப் புத்தாண்டு நமக்காக அப்படிக் கேட்டு வாங்கப்பட்ட தவணை. மண்வெட்டி நம் கையில் தரப்பட்டிருக்கிறது.

ஆண்டின் தொடக்க நாளில் நாம் விழா எடுத்த இறைவனின் தாய் மரியா, கானாவூர்த் திருமண வீட்டில் பந்தியின் கடைசியில் இருந்தவர்களுக்கும் இரசம் கிடைத்ததா என்று கவனித்தவர். அந்தத் தாய் நம் பங்கையும் கவனித்துக்கொள்வாராக. ஆண்டவருடைய ஆசீர்வாதம் உங்கள் வீட்டிலும் வயலிலும் தோட்டத்திலும், மலையேறும் பாதையிலும் என்றும் தங்குவதாக. ஆமென்.