பாரமா, பாடமா?



பழைய சாமி படம் வீட்டுக்குப் பாரமா, பாடமா என்பதுதான் இன்றைய கேள்வி. பாரம் என்று எதிரணி சொல்லிவிட்டது. கேரி தீவு போன்ற செம்பனைத் தோட்டங்களில் லயத்து வீட்டைக் காலி செய்து தாமான் வீட்டுக்குப் போகும்போது, புகை படிந்து கறுத்த படம் குப்பைக்குப் போய்விடுகிறது. போடட்டும். ஆனால் போடும் முன், அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா?

வேதசாட்சி புனித செபஸ்தியார் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் கட்டிய இளைஞர், உடம்பெல்லாம் அம்பு. பார்த்தவுடன், 'பாவம், இப்படித்தான் செத்தார்' என்று தோன்றும். அதுதான் இல்லை!

திருச்சபை மரபு சொல்வதைக் கேளுங்கள். அவர் ரோமப் பேரரசன் டயோக்ளேஷியனின் காவல் படை வீரர். கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் அம்பெய்து கொல்ல உத்தரவு வந்தது. செத்துவிட்டார் என்று விட்டுப் போனார்கள். ஐரீன் என்ற விதவைத் தாய் மருந்திட்டுப் பிழைக்க வைத்தார். பிழைத்தவர் ஓடி ஒளிந்தாரா? அதே அரசன் முன் போய் நின்று, அவன் செய்யும் கொடுமையைக் கண்டித்தார். அதன் பிறகுதான் தடியால் அடித்துக் கொன்றார்கள்.

ஆக, அது செத்தவர் படமல்ல. அம்பு பட்டும் எழுந்தவர் படம்!

ரோமில் ஓர் ஆலயத்தில் 7ஆம் நூற்றாண்டில் வண்ணக்கல் பதித்துச் செய்த படத்தில் அவர் தாடி வைத்த பெரியவர். அம்பே கிடையாது. 1348இல் ஐரோப்பாவைப் பிளேக் நோய் சூறையாடியது. நோயை வானத்திலிருந்து பாயும் அம்பாக மக்கள் நினைத்தார்கள். அம்பு பட்டுப் பிழைத்தவர் காப்பாற்றுவார் என்று நம்பினார்கள். அந்தப் படம் வீதிதோறும் பரவியது. இத்தாலிய ஓவியர் மாந்தேன்யா மட்டும் மூன்று முறை வரைந்தார். அவை இன்று வியன்னா, பாரீஸ், வெனிஸ் நகரங்களில் இருக்கின்றன.

கேரளத்து அர்த்துங்கல் செபஸ்தியார் ஆலயத்தில், சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்கள் மாலையைக் கழற்றுகிறார்கள். நோய்க்கும் பயத்துக்கும் மதம் ஏது?

ஆகவே அன்பர்களே, பழைய படத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். மேலே புதுச் சாயம் பூசாதீர்கள். யார் வாங்கியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். வேண்டாம் என்றால் கோயில் ஃபாதரிடம் கேளுங்கள்.

லயமும் போய், படமும் போனால், தாத்தா பாட்டி எதைப் பார்த்துத் தைரியம் கொண்டார்கள் என்று பேரப்பிள்ளைக்கு எதைக் காட்டுவது?

பாரமல்ல, பாடமே!