நம் அயலில் எத்தனை வகை மக்கள்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அயலவரைப் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். அயலவரைப் பற்றிப் பேசுவது எளிது என்றுதான் முதலில் எண்ணினோம். நாள்தோறும் காண்பவர்கள்தாமே! எனினும், யட்டவத்தயில் எத்தனை இனத்தார் வாழ்கின்றனர் என்று வாலிபர் சிலரைக் கேட்டபோது, எல்லோரும் ஒரே குரலில் "மூன்று" என்றனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள். பரீட்சையில் இதற்குப் புள்ளி கிடைக்கும். ஆனால் மாத்தளைக்கு மேற்கேயுள்ள இந்த மலைச்சரிவுகளிலே, மிளகுக் கொடியும் கொக்கோவும் றப்பரும் சூழ்ந்த இப்பகுதியிலே, உண்மை அவ்வளவு சுருக்கமாக இல்லை.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் "யட்ட" என்றால் கீழே. "வத்த" என்றால் தோட்டம். நம் தாத்தாமார் பேர் பதிந்து வேலை செய்த இடமும் தோட்டமே. அயல் கிராமத்தான் பலாவும் தென்னையும் வைத்துக் காப்பதும் தோட்டமே. ஒரே சொல்லுக்குள் இரண்டு வாழ்க்கை! நம்மவர் "தோட்டம்" என்றால் துரையும் லயமும் பெரட்டும் நினைவுக்கு வரும். அவனுக்கோ பாட்டன் நட்ட மரம் நினைவுக்கு வரும். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் நம் அயலைப் பற்றிப் பாதி விளங்கிவிடும்.

முகத்தைப் பார்த்து இன்னார் இன்ன இனத்தார் என்று சொல்லக் கூடுமா? வெளியூரான் ஒருவனை மாத்தளை பஸ் நிலையத்தில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். பொட்டும் தொப்பியும் சேலை உடுக்கும் விதமும் இல்லாவிட்டால் அவன் திண்டாடிப் போவான். நிறத்திலும் மூக்கிலும் கண்ணிலும் இனத்தைத் தேடுவது வீண் வேலை.

ஆட்களை எண்ணிய அரசினரே இதில் தடுமாறியிருக்கின்றனர். இலங்கையில் 1871ஆம் ஆண்டு எடுத்த குடிசன மதிப்பிலே 24 இனங்களும் 78 தேசியங்களும் குறிக்கப்பட்டன. பத்தே ஆண்டில், 1881இல், இனங்கள் ஏழாகக் குறைந்துவிட்டன. பதினேழு இனத்தார் கப்பலேறிப் போய்விட்டார்களா? இல்லை, எண்ணுபவர் கட்டத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். 1911இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று நம்மை இரண்டாகப் பிரித்தனர். சிங்களவரையும் கண்டிச் சிங்களவர், கரையோரச் சிங்களவர் என்று 1971 வரை தனித்தனியே எண்ணினர், பின்னர் ஒன்றாக்கினர். 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை 4,84,531. அதில் நூற்றுக்கு எண்பது பேரளவில் சிங்களவர். எஞ்சியோரில் முஸ்லிம்களும் "இருவகை"த் தமிழரும் அடங்குவர். இந்த "இருவகை"க்குப் பின்னர் வருவோம்.

சிங்கள அயலவர் எல்லோரும் ஒரே வார்ப்பு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கோப்பிக் காலத்தில் வியாபாரத்திற்கும் தச்சு வேலைக்கும் கரையோரத்திலிருந்து வந்து தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் உளர். கண்டி அரசர் காலம் தொட்டு இங்கேயே வயல் செய்தவர்கள் உளர். அக்கண்டி அரசிலேயே 1739 முதல் 1815 வரை சிங்காசனத்தில் அமர்ந்தவர்கள் மதுரைத் தொடர்புடைய நாயக்க வம்சத்தார். அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் என்பவனே 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, தளர்ந்திருந்த பௌத்த சங்கத்தை நிலைநிறுத்தியவன். கண்டிப் பெரஹராவில் நாதர், விஷ்ணு, கதிர்காமம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலமும் சேர்ந்தே செல்கிறது. பத்தினித் தெய்யோ என்று அவர்கள் வணங்குவது நம் கண்ணகியைத்தான். மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் உள்ள கெடிகே என்னும் கற்கோயிலைப் பார்த்தவர் அறிவர்: கட்டிட அமைப்பு திராவிடம், சூழல் பௌத்தம். போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைத்தபோது அது மூழ்கிவிடாமல் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மீண்டும் கட்டினர்.

முஸ்லிம்களைப் பற்றி நம்மவரிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு: கடை வைக்க நேற்று வந்தவர்கள் என்று. கண்டி இராச்சியத்தில் உப்பும் பாக்கும் சுமந்த தவளமாட்டுப் போக்குவரத்தில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. தார் வீதி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலைப் பாதைகளை அறிந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது தமிழ். வாப்பா, உம்மா, நானா என்று உறவுமுறை மட்டும் வேறு. மாத்தளை தந்த நல்ல கவிஞருள் ஒருவர் பண்ணாமத்துக் கவிராயர். இயற்பெயர் பாரூக் என்று சொன்னால் நம் வாலிபரிற் சிலர் வியக்கின்றனர். வியப்பதற்கு என்ன இருக்கிறது? நம்மை விட அவர் நன்றாகத் தமிழ் எழுதினார்.

இனி நம்மைப் பற்றி. இங்கேதான் சற்று நின்று பேச வேண்டும்.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். "நாம் தமிழர்" என்று மேடையில் சொல்லும்போது ஒருவராயிருக்கிறோம். மேடையை விட்டு இறங்கியதும் எத்தனை பிரிவு! திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று பற்பல சீமைகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். கங்காணி ஒரு சாதி, அவன் கூட்டிவந்த ஆட்கள் வேறு சாதி என்பதும் பல இடங்களில் வழக்கம். மேல் லயம், கீழ் லயம் என்ற பேச்சு மண்ணின் மேடு பள்ளத்தை மட்டும் குறிக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். மந்திரி மாலை கட்டுகிற வீடு எது, தப்படிக்கிற வீடு எது என்று திருவிழாக் காலத்தில் இன்னும் பிரித்துப் பேசுவோர் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகமாகவும் ஆசிரியராகவும் வந்த குடும்பங்களோடு ஒரே கோயிலில் கும்பிட்டோம். சம்பந்தம் என்று வந்தால் இரு தரப்பாரும் தொண்டையைச் செருமினோம். சிங்களவன் நம்மை வேற்றானாகப் பார்க்கிறான் என்று முறையிடும் வாய், இதையும் சொல்ல வேண்டாமா?

நம் முன்னோர் வந்த வழியையும் நம் பிள்ளைகள் அறியார். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ள, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலே வீழ்ந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடைபெற்றது. சூலை 28இல் தொடங்கி ஆகத்து 12இல் மாத்தளையில் முடிந்தது. வாகனத்தில் ஒரு பகலில் கடக்கும் தூரத்தை அவர்கள் இரு வாரங்களுக்கு மேல் நடந்து கடந்தனர்.

கோப்பி 1869இல் வந்த இலைநோயினால் அழிந்தது. தேயிலையும் கொக்கோவும் றப்பரும் வந்தன; நாம் இருந்தோம். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது, இருந்தும் இல்லாதவரானோம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அண்ணனை ஒரு கரைக்கும் தம்பியை மறு கரைக்கும் பிரித்தது. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தமும் 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானதும் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் பல குடும்பங்களை வெளியேற்றின. 1977இல் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெட்டியோடு போனவர்கள் உளர். 1983இல் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்னும் சொல் நம்மை விட்டுப் போயிற்று.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1971இலும், 1988–89இலும் மாத்தளை மாவட்டத்துச் சிங்களத் தாய்மார் பலர் வீட்டை விட்டுப் போன மகன் திரும்பாமல் அழுதனர். அந்த அழுகையை நம் லயங்களில் எத்தனை பேர் கேட்டோம்? நம் அழுகையை அவர்களில் எத்தனை பேர் கேட்டனர்? வேலிக்கு இப்பாலும் அப்பாலும் துக்கம் இருந்தது. நடுவிலே பாஷை இல்லை.

ஆம், பாஷைதான் குறை. சிங்களத்தில் "அய்யா" என்றால் தமையன். நமக்கோ தந்தை அல்லது பெரியவர். "அக்கா"வும் "கடை"யும் "சல்லி"யும் அங்கே போயிருக்கின்றன. பன்சலையும் போயாவும் தன்சலும் இங்கே வந்திருக்கின்றன. சித்திரைப் புத்தாண்டில் ஒரே நாளில் இரு வீட்டிலும் பால் பொங்குகிறது. அவர்கள் தரும் கொக்கிசு ஒல்லாந்தர் வழி வந்த பண்டம்; பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து வரும் வட்டிலாப்பம் மலாயரிடமிருந்து வந்தது என்பர். தட்டுகள் வேலி தாண்டிப் போகின்றன. ஆனால் சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிள்ளைகள் காலையில் மூன்று பக்கமாகப் பிரிந்து போகின்றனர். முன்னே கடைத்தெருவில் கற்றுக்கொண்ட அரைகுறைச் சிங்களம் தாத்தாவுக்கு இருந்தது. பேரனுக்குப் புத்தகச் சிங்களம் இருக்கிறது, பேசக் கூச்சப்படுகிறான்.

அந்த "இருவகைத் தமிழர்" விஷயத்துக்கு வருவோம். ஒரே வீட்டில் தாத்தா "இந்தியத் தமிழர்", பேரன் "இலங்கைத் தமிழர்" என்று பதிந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பிறப்பத்தாட்சி எழுதிய நாளில் எழுதுபவர் கேட்டதும் நம்மவர் சொன்னதும் அப்படி. இன்று "மலையகத் தமிழர்" என்று சொல்லுங்கள் என்கின்றனர். எந்தப் பெயரை ஏற்பது என்பதை ஒவ்வொருவரும் அறிந்து தீர்மானிக்க வேண்டும். அறிவதற்கு முதலில் வீட்டு வரலாறு வேண்டும்.

அதனால் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போயா விடுமுறையில் வாலிபர் இருவர் இருவராகப் புறப்பட்டு, எண்பது வயதைத் தாண்டிய பெரியோர் இருக்கும் வீடுகளுக்குச் செல்லட்டும். பாட்டன் எந்த ஊர், எந்தக் கங்காணி கூட்டிவந்தார், வீட்டில் முதலில் சிங்களம் பேசியவர் யார் என்று கேட்டு எழுதட்டும். நம் லயங்களோடு நிறுத்தாமல், நானாமார் வீட்டிலும் கிராமத்துச் சிங்கள வீட்டிலும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு சோடியிலும் இருப்பது நல்லது. கொப்பிகள் ஆறு வாங்கிக் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டோம். யார் யார் எந்தப் பக்கம் போவது என்பதை இன்றிரவே, சாப்பாட்டுக்கு முன்னர், பேசி முடிக்கலாம்.