நம்ம பக்கம் நம்ம போனுல தெரியணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டமைப்பு இணையதளத்தை செல்போனுக்கு ஏற்றபடி மாற்றிய வேலையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. கம்ப்யூட்டர் பேச்சுன்னு நினைச்சு டீ குடிக்க எழுந்து போயிடாதீங்க. இது உங்க சேமிப்பு, உங்க கடன் பற்றின பேச்சுதான்.

நம்ம கூட்டமைப்புக்கு இணையதளம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அதில் நம்ம பொருட்கள் இருக்கு, கூட்ட அறிவிப்பு இருக்கு, ஒவ்வொரு உறுப்பினரும் உள்ளே போய்த் தன் கணக்கைப் பார்க்கும் வசதியும் இருக்கு. அலுவலகக் கம்ப்யூட்டரில் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாத்தான் இருந்தது. ஆனா இந்த மண்டபத்தில் எத்தனை பேர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கு? கை தூக்குங்க பார்ப்போம். சரி, போன் இருக்கிறவங்க? இதுக்கு மேல நான் விளக்கவே வேண்டாம்.

அந்தப் பக்கத்தைப் போனில் திறந்தால், நாலு பக்கப் பத்திரத்தை ஒரே தாளில் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கும். ரெண்டு விரலால் பெரிசு பண்ணி, இடப்பக்கமும் வலப்பக்கமும் இழுத்து இழுத்துப் படிக்கணும். கணக்கு அட்டவணையில் எட்டுக் கட்டம். கடைசிக் கட்டத்தில் நிலுவைத் தொகை. அதைப் பார்க்க இழுத்துட்டுப் போனா, எந்த மாசத்து வரின்னு தெரியாது. மாசத்தைப் பார்க்கத் திரும்பி வந்தா தொகை மறைஞ்சிடும்.

அதனால் என்ன ஆச்சு? நம்ம பெண்கள் போனை அடுத்தவங்க கையில் கொடுத்தாங்க. மகன்கிட்ட, பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன்கிட்ட, டவுன்ல பிரவுசிங் சென்டர்ல. பாஸ்வேர்டையும் சேர்த்துச் சொன்னாங்க. எங்க பக்கத்துக் குழுவில் ஒரு அக்கா, மகள் பிரசவச் செலவுக்குக் கடன் வாங்கியிருந்தாங்க. எவ்வளவு, எத்தனை தவணை பாக்கின்னு சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த கூட்டத்துக்கு அவங்க வரவே இல்லை. கணக்கு யாருது, பார்த்தது யாரு? கூட்டத்தில் தலைவி இதைக் கேட்டப்பதான் இந்த வேலையே ஆரம்பிச்சது. பொருள் படம் ஏற்றும் வேலை ஏற்கெனவே என்கிட்ட இருந்ததால், கூட இருந்து செய்யச் சொன்னாங்க.

பக்கம் ஏன் அப்படிச் சுருங்குதுன்னு கேட்டேன். பயிற்சி கொடுக்க வந்த தங்கச்சி சொன்ன விளக்கம் எனக்கு உடனே புரிஞ்சது. நம்ம போன் திரையின் அகலம் 360 புள்ளின்னு வச்சுக்கோங்க. பக்கத்தோட தலைப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட வரி இல்லைன்னா, போன் இதைக் கம்ப்யூட்டருக்கு எழுதின பக்கம்னு நினைச்சுக்கும். 980 புள்ளி அகலத்துக்கு விரிச்சுப் போட்டு, அப்புறம் மொத்தத்தையும் 360-க்குள்ள அமுக்கும். எழுத்து கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஆயிடும். அந்த ஒரு வரிக்குப் பேர் வியூபோர்ட். 2007-ல் ஐபோன் வந்தப்ப ஆப்பிள் கம்பெனி கொண்டு வந்தது. இப்ப எல்லாப் போனுக்கும் அந்தப் பாஷை தெரியும். 'இந்தப் போன் எவ்வளவு அகலமோ அதுதான் உன் அகலம்'னு பக்கத்துக்குச் சொல்ற வரி அது. சில பேர் அதிலேயே, விரலால் பெரிசு பண்ண முடியாதபடி ஒரு பூட்டையும் போட்டுடறாங்க. அது வேண்டாம்னு சொல்லிட்டோம். கண்ணாடி மறந்துட்டு வர்ற நம்ம அம்மாமார்கள் எப்படிப் படிப்பாங்க?

அந்த வரியைச் சேர்த்ததும் எழுத்து பெரிசாச்சு. ஆனா பக்கம் பாதி வலது பக்கமா வெளியே ஓடிப்போச்சு! ஏன்னா எங்க தளம் மூணு பத்தியா, இவ்வளவு அகலம்னு அளந்து வச்சுச் செய்தது. அகலத்துக்குத் தகுந்தபடி தன்னைத் தானே மாற்றிக்கிற அமைப்பு வேணும். 2010-ல் ஈதன் மார்காட் என்கிற அமெரிக்கர் இதை விளக்கி எழுதி, ரெஸ்பான்சிவ்னு பேர் வச்சார்.

நம்ம தளம் ஜூம்லா என்கிற இலவச மென்பொருளில் ஓடுது. சுவாஹிலி மொழியில் ஜும்லா என்றால் 'எல்லாம் சேர்ந்து' என்று அர்த்தம். அந்தப் பேர்தான் இதுக்கு. நம்ம கூட்டமைப்புக்குன்னே வச்ச மாதிரி இல்ல? 2021-ல் வந்த நாலாவது பதிப்போட, போனுக்கும் ஏற்ற டெம்ப்ளேட் ஒன்றும் கூடவே வருது. பழைய டெம்ப்ளேட்டை விட்டுட்டு அதுக்கு மாறினோம். காசு கொடுத்து வாங்கலை. மாற்றும் முன்னால் எல்லாத்தையும் ஒரு நகல் எடுத்து வச்சோம்.

இனிமேல்தான் நம்ம வேலை. ஜூம்லாவில் ஒரு பக்கம் என்பது பல பெட்டிகள் சேர்ந்தது. மெனு ஒரு பெட்டி, அறிவிப்பு ஒரு பெட்டி, பொருட்கள் ஒரு பெட்டி. அதை மாட்யூல்னு சொல்றாங்க. கம்ப்யூட்டரில் பக்கத்துல பக்கத்துல நிற்கிற பெட்டிகள், போனில் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இறங்கும். அப்ப எது முதல்ல, எது கடைசிங்கிறது பெரிய விஷயமா ஆயிடுது. எங்க தளத்தில் இறங்கின வரிசையைப் பாருங்க: திறப்பு விழாப் படங்கள், வாழ்த்துச் செய்தி, நிர்வாகிகள் படம், அப்புறம் நோக்கம், அதுக்கும் கீழ கருப்பட்டியும் ஓலைப் பெட்டியும், அடிமட்டத்தில் கணக்குப் பார்க்கும் இடம். கட்டை விரல் தேயத் தள்ளினாத்தான் வரும்.

நான் கணக்கை முதல்ல வைக்கணும்னு சொன்னேன். அடுத்து பொருட்கள், அடுத்து அறிவிப்பு, படங்கள் கடைசி. இதுக்கு ரெண்டு கூட்டம் சண்டை நடந்தது, அது உங்களுக்கே தெரியும். பெரியவங்க படத்தைக் கீழ தள்ளுறதான்னு கேட்டாங்க. கம்ப்யூட்டரில் மட்டும் காட்டி போனில் மறைச்சிடலாம், அதுக்கு வழி இருக்குன்னும் ஒரு யோசனை வந்தது. ஆனா மறைச்சாலும் படம் பின்னால இறங்க வாய்ப்பிருக்கு, நம்ம டேட்டா தீரும். கடைசியில் தலைவியே, 'என் படத்தை யாரும் காசு கொடுத்து வாங்கப் போறதில்லை, கருப்பட்டியை மேல போடு'ன்னு சொல்லிட்டாங்க. அதோட சண்டை முடிஞ்சது.

எட்டுக் கட்ட அட்டவணையை மட்டும் நாங்க செய்ய முடியலை. அதுக்கு புரோகிராம் தெரிஞ்சவங்க வேணும். செய்து கொடுத்தாங்க. இப்ப போனில் ஒவ்வொரு மாசமும் ஒரு அட்டை மாதிரி வரும். மேல மாசம், அதுக்குக் கீழ சேமிப்பு, தவணை, வட்டி, நிலுவை. இழுக்கவே வேண்டாம். உள்ளே நுழையப் போன் நம்பர் கேட்கும் இடத்தைத் தொட்டால் எண் விசைகள் மட்டும் வரும். சின்ன விஷயம்தான், ஆனா எழுத்துக்கும் எண்ணுக்கும் மாற்றத் தெரியாம எத்தனை பேர் அங்கேயே நின்னாங்க தெரியுமா?

இன்னொரு பெரிய தொல்லை தமிழ் எழுத்து. பழைய அறிவிப்புகளை பாமினி எழுத்துருவில் தட்டி ஏற்றியிருந்தாங்க. அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் நல்ல தமிழாத் தெரியும். போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து என்னமோ வரும். போன் கெட்டுப்போச்சுன்னு ஒரு தங்கச்சி கடைக்கே கொண்டு போயிட்டா! எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றித் தர இலவசக் கருவிகள் இருக்கு. ஆனா மாற்றின பிறகு வரிக்கு வரி படிச்சுப் பார்க்கணும். எண்ணும் ஆங்கிலச் சொல்லும் இருக்கிற இடத்தில் அது குழம்பும். நாங்க மூணு பேர் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து பதினோரு நாள் படிச்சோம்.

தமிழ் வார்த்தை நீளம். 'கூட்டமைப்பு நிர்வாகிகள் விவரங்கள்'னு மெனுவில் இருந்தது, போனில் பெட்டியைத் தாண்டிப் போச்சு. 'நிர்வாகிகள்' போதும்னு வெட்டினோம். மெனுவிலும் ஒரு சங்கடம். மவுஸ் அம்பைக் கொண்டு போய் மேல வச்சாத்தான் உள்மெனு விரியும்னு செய்திருந்தாங்க. போனில் ஏது அம்பு? தொட்டா விரியறபடி மாற்றினோம். பொத்தான்களையும் பெரிசாக்கினோம். கூகிள் சொல்ற அளவு, கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். களை எடுத்துக் காய்ச்ச விரல் இருக்கே, அதுக்கு அதாவது வேணும். ஆர்டர் நம்பரைத் தொட்டால் நேரே போன் போகும்படி செய்ததும், பேப்பரில் எழுதி வச்சுக்கிட்டு அடிக்கிற வேலை போச்சு.

படம் ஏற்றுகிற தங்கச்சிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. போனில் எடுக்கிற படம் 4 எம்பி, 5 எம்பி இருக்கும். அப்படியே ஏற்றாதீங்க. 1200 புள்ளி அகலத்துக்குக் குறைச்சா 200 கேபி பக்கம் வந்திடும், பார்க்க வித்தியாசமே தெரியாது. இருபது பொருளுக்கு இருபது படம்னா, கணக்குப் போட்டுப் பாருங்க. சிக்னல் ஒரு கோடு காட்டுற எங்க ஊரில் அந்தப் பக்கம் திறக்கிறதுக்குள்ள உலை கொதிச்சு அடங்கிடும். பொருளின் விலையையும் எடையையும் படத்துக்குள்ள எழுதாதீங்க, கீழே எழுத்தா எழுதுங்க. படத்துக்குள்ள இருந்தா சின்னதாத் தெரியும், விலை மாறினா மறுபடி படம் செய்யணும்.

எல்லாம் முடிஞ்சதும் கம்ப்யூட்டரிலேயே போன் அளவில் காட்டும் வசதியில் பார்த்தோம், சரியா இருந்தது. நான் விடலை. பழைய போன், திரை கீறல் விழுந்த போன், நாலைந்து வாங்கி, நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போய் வெயிலில் திறந்து பார்க்கச் சொன்னேன். சாம்பல் நிற எழுத்து ஒண்ணுமே தெரியலை! கறுப்பாக்கினோம். அங்கேதான் அந்த அக்கா, கூட்டத்துக்கு வராம இருந்தாங்களே அவங்க, போனை வாங்கித் தன் நம்பரைப் போட்டு, முதுகைத் திருப்பிக்கிட்டு, தனியா நின்னு நிலுவையைப் படிச்சாங்க. எவ்வளவுன்னு நான் கேட்கலை.

இன்னும் மிச்சம் இருக்கு. பழைய தீர்மானங்கள் ஸ்கேன் செய்த தாளாவே கிடக்கு, போனில் படிக்க முடியாது, தட்டணும். பதிமூணு குழு இன்னும் பொருள் படம் தரலை. குழுவுக்கு ஒருத்தர் சனிக்கிழமை காலை 10 மணிக்கு அலுவலகம் வாங்க. உங்க போனையும் சார்ஜரையும் கொண்டு வாங்க. பாஸ்வேர்டை வேற யாருக்காவது சொல்லியிருந்தா, அன்னைக்கே மாற்றிக்கலாம், எப்படின்னு நான் காட்டித் தரேன்.